எதிலிருந்து ஆன எரிபொருள்?

எங்கள் வட்டாரத் தமிழ் மாணவர்களுக்காக நடந்த ஒரு கட்டுரைப் போட்டியில் என்னையும் நடுவராக உட்கார வைத்திருந்தார்கள். தலைப்பு, ‘நாளைய எரிபொருள்’. தில்லிப் பள்ளிகளில் அறிவியலை ஆங்கிலத்திலும் இந்தியிலும் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் கற்ற தமிழைக் கொண்டு எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு சொல். ‘சிந்தடிக் ஃப்யூயல்’ என்பதை ஒருவர் ‘செயற்கை எரிபொருள்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘தொகுப்பு எரிபொருள்’ என்றார். ஒரு சிறுமி ‘சேர்க்கை எரிபொருள்’ என்றாள். இந்திப் பாடத்திலிருந்து நேரே எடுத்து ‘கிருத்திம எரிபொருள்’ என்று எழுதிய பையனும் உண்டு. எல்லாரையும் மிஞ்சி ஒருவர் ‘போலி எரிபொருள்’ என்றே எழுதிவிட்டார்!

நடுவர்களுக்குள் சிறு வாக்குவாதம் வந்தது. “செயற்கை எரிபொருள் என்றுதான் பத்திரிகைகளில் வருகிறது. மற்றதற்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம்” என்றார் நண்பர் ஒருவர். நான் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாததால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்காக இத்தனை பக்கமா என்று வாசக அன்பர்கள் நினைக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் சொல்லில் நம் பிள்ளைகளின் அறிவு மட்டும் அல்ல, நம் கைப்பணமும் நாம் சுவாசிக்கும் காற்றும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன.

ஒரே சொல்லுக்கு இரண்டு மரியாதை

வண்டியை சர்வீசுக்கு விட்டால் மெக்கானிக் கேட்கிறார்: “ஃபுல்லி சிந்தடிக் ஆயில் போடட்டுமா?” சாதாரண எஞ்சின் ஆயிலைவிட விலை கூடுதல். ஆனாலும் ‘சிந்தடிக்’ என்ற பெயரைக் கேட்டதும் அது உயர்ந்த சரக்கு என்று நம் மனம் ஏற்றுக்கொள்கிறது. அதே நாள் மாலை தொலைக்காட்சிச் செய்தியில் ‘சிந்தடிக் தூத்’ பிடிபட்டது என்கிறார்கள். செயற்கைப் பால்! உடனே வயிற்றைக் கலக்குகிறது. ஒரே சொல் காலையில் உயர்வைக் குறிக்கிறது, மாலையில் கலப்படத்தைக் குறிக்கிறது. (வண்டிக்குப் போடும் அந்த ஆயில் உராய்வைத் தடுக்கும் மசகு எண்ணெய்தான், எரிபொருள் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

தமிழில் ‘செயற்கை’ என்பது கெட்ட சொல் அன்று. செயற்கைக்கோள் என்கிறோம், செயற்கைக் கால் என்கிறோம், இப்போது செயற்கை நுண்ணறிவு என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். கையால் செய்தது, தானாக அமையாதது என்பதே அதன் பொருள். ஆனால் ‘செயற்கைச் சிரிப்பு’, ‘செயற்கையான பேச்சு’ என்று சொல்லும்போது பொய் என்ற சாயல் ஏறிவிடுகிறது. ‘போலி எரிபொருள்’ என்று எழுதிய பையன் அந்தச் சாயலைத்தான் பிடித்துக்கொண்டான். தவறு அவனுடையது அன்று.

‘சிந்தசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சேர்த்து வைத்தல் என்று பொருள். பொய் என்ற வாடையே அதில் கிடையாது. இலைகள் வெயிலில் செய்கிற வேலையைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘ஒளிச்சேர்க்கை’ என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதையே ‘ஒளித்தொகுப்பு’ என்கின்றன. இரண்டிலும் பின்பாதி அதே ‘சிந்தசிஸ்’தான். இந்தியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ‘பிரகாஷ் சம்ஸ்லேஷண்’ தெரியும். ‘கிருத்திம்’ வேறு, ‘சம்ஸ்லேஷித்’ வேறு என்ற பாகுபாடு இந்திக் கலைச்சொற்களில் இருக்கிறது. இலைக்கு வந்தால் ‘சேர்க்கை’, எரிபொருளுக்கு வந்தால் மட்டும் ‘செயற்கை’ என்று நாம் எழுதினால், இரண்டும் ஒரே சொல் என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

உண்மையில் அது என்ன?

பெட்ரோலும் டீசலும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகள். பூமிக்கடியில் கிடைக்கும் கச்சா எண்ணெயில் இந்தச் சங்கிலிகள் ஏற்கெனவே இருக்கின்றன. சுத்திகரிப்பு ஆலையில் அவற்றைப் பிரித்தும், சிலவற்றை உடைத்தும் மாற்றியும் எடுக்கிறார்கள்.

எண்ணெய் இல்லாத நாடு என்ன செய்யும்? நிலக்கரி இருக்கிறது. அதை ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தி 1,000 டிகிரி அளவிலான சூட்டில் சிதைத்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். இதைத்தான் ‘சின்கேஸ்’ என்கிறார்கள். ‘தொகுப்பு வாயு’ என்பது நல்ல தமிழ். இந்த வாயுவை இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால், பூக்காரம்மா சரம் தொடுப்பதுபோலக் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. சரம் குட்டையானால் பெட்ரோல், நீளமானால் டீசல், இன்னும் நீளமானால் மெழுகு. 1920-களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஃபிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இருவர் கண்ட வழி இது. அதற்கு முன்பே ஃபிரீட்ரிக் பெர்கியஸ், நிலக்கரியைப் பொடித்து மிகுந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்து எண்ணெயாக்கும் வழியைக் கண்டிருந்தார். அதற்காக 1931-இல் கார்ல் போஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு வழியிலும் நடப்பது ஒன்றே: மூலப்பொருளைச் சிதைத்து, வேண்டியதைச் சேர்த்து, புதிய மூலக்கூறாக அமைப்பது. இப்படி வந்த டீசல் எஞ்சினுக்கு டீசல்தான். கந்தகம் ஏறக்குறைய இல்லாததால் அது சுத்தமாகவே எரியும். போலி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. 1828-இல் வோலர் என்ற வேதியியலாளர் சோதனைச்சாலையில் யூரியாவைச் செய்தார். உயிர்களின் உடலில் உண்டாகும் யூரியாவுக்கும் அவர் செய்ததற்கும் மூலக்கூறு அளவில் வேறுபாடு கிடையாது. எரிபொருளுக்கும் அதே நியாயம்.

கரி பஸ்ஸும் லெக்கோவும்

இதெல்லாம் ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் நம் ஊர்களில் ‘கரி பஸ்’ ஓடியது. பஸ்ஸோடு ஒரு பெரிய உருளை அடுப்பைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, விசிறியைச் சுற்றிக் கனலாக்கி, வரும் வாயுவை எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். அந்த வாயுவிலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் உண்டு. காற்றிலிருந்து வரும் நைட்ரஜன் பெருமளவு கலந்திருப்பதால் சக்தி குறைவு; மேட்டில் பஸ் திணறும். தொகுப்பு வாயுவுக்கு அது ஏழை உறவு.

அடுத்தது, நெய்வேலி. தென்னாற்காட்டுப் பக்கத்துக்காரர்கள் வீட்டில் ‘லெக்கோ’ எரித்த தாய்மார்கள் இன்றும் இருப்பார்கள். பழுப்பு நிலக்கரியைப் பொடித்துக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப் புகாமல் சுட்டு, புகை கக்கும் பொருள்களை நீக்கி விற்ற கரிக்கட்டி அது. குமுட்டி அடுப்பில் புகையில்லாமல் எரிந்தது. அதே நெய்வேலியில் 1960-களில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, அம்மோனியாவாக்கி, யூரியா உரம் செய்தார்கள். அதாவது நம் மண்ணில் தொகுப்பு வாயு வந்து அறுபது ஆண்டுகளாகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. லெக்கோ மனிதன் செய்த எரிபொருள், ஆகவே செயற்கை. ஆனால் அது தொகுப்பு எரிபொருள் அன்று. கரியிலிருந்து சிலவற்றை நீக்கினார்களே தவிர, சிதைத்துப் புதிதாக எதையும் கோக்கவில்லை. 2025-இல் நாடு முழுவதும் வந்துவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கலப்பு எரிபொருள். சர்க்கரையையோ தானியத்தையோ நொதிக்க வைத்து எடுத்த சாராயத்தைப் பெட்ரோலில் கலக்கிறார்கள். பயோடீசல் தாவர எண்ணெயை மெத்தனாலோடு வினைப்படுத்தி மாற்றியது. ஃபிஷர், டிராப்ஷ் வழியில் வந்த டீசல்தான் தொகுப்பு எரிபொருள். இத்தனையையும் ‘செயற்கை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், எது எது என்று பிறகு யார் பிரிப்பது?

சொல்லுக்குப் பின்னால் இருந்தது

இந்த எரிபொருளை எந்த நாடும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை. கதவு அடைபட்டபோதுதான் செய்தன. 1927-இல் ஜெர்மனியின் லாய்னா ஆலையில் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் வரத் தொடங்கியது. ஹிட்லரின் போர் வந்தபோது அதுவே அந்த நாட்டின் உயிர்நாடியாயிற்று. 1944 தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,24,000 பீப்பாய் அளவுக்குச் செய்தார்கள். விமானப் பெட்ரோலில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் நேச நாட்டு விமானங்கள் அந்த ஆலைகளைக் குறிவைத்துக் குண்டு வீசத் தொடங்கியதும் ஜெர்மன் விமானப்படை முடங்கிப்போனது. ஆஷ்விட்ஸ் முகாமை ஒட்டி மோனோவிட்ஸ் என்ற இடத்தில் செயற்கை ரப்பரும் எரிபொருளும் செய்ய எழுப்பிய ஆலையில், சிறைக் கைதிகளைச் சாகும்வரை வேலை வாங்கினார்கள். ‘செயற்கை’ என்ற சொல்லைப் படிக்கும்போது அந்தக் கைகள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. 1950-இல் சாசோல் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1955 முதல் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தார்கள். இனவெறி ஆட்சிக்கு உலகம் எண்ணெய் தர மறுத்த காலத்தில் இன்னும் பெரிய ஆலைகளை செகுண்டா என்ற இடத்தில் கட்டினார்கள். செகுண்டா ஆலை இன்றும் ஓடுகிறது. ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியேற்றும் உலகத் தொழிலகங்களில் அதற்கு முதல் வரிசையில் இடம். காரணம் எளிது. நிலக்கரியில் கார்பன் மிகுதி, ஹைட்ரஜன் குறைவு. அதை எண்ணெயாக்கும்போது மிஞ்சிய கார்பன் வாயுவாக வெளியேறியே ஆகவேண்டும். நிலக்கரியிலிருந்து செய்த டீசல், எடுப்பது முதல் எரிப்பது வரை கணக்கிட்டால், கச்சா எண்ணெயிலிருந்து வந்த டீசலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கரியமில வாயுவைத் தரும். வண்டியின் புகைக்குழாயில் சுத்தம், ஆலையின் புகைபோக்கியில் அசுத்தம்!

சொல் நழுவினால் பணம் நழுவும்

அமெரிக்காவில் 1980-இல் எண்ணெய் நெருக்கடிக்கு மருந்தாக ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தார்கள். நிலக்கரியிலிருந்து ‘சின்ஃப்யூயல்’ செய்தால் சலுகை உண்டு; ஆனால் கரி குறிப்பிடத்தக்க வேதியியல் மாற்றம் அடைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோக்கம் நல்லதுதான். 1990-களின் பிற்பகுதியில் சிலர் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள். கரித்தூளின்மேல் பசை போன்ற ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்தார்கள். அது ‘சின்ஃப்யூயல்’ ஆகிவிட்டது! அந்தக் கரி பழையபடி அதே மின்நிலைய உலைக்கே போனது. ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம்கூட வரியைக் குறைத்துக்கொள்ள இப்படிப்பட்ட ஆலைகளை வாங்கிப் போட்டது. 2007 முடியும் வரை அந்தச் சலுகை நீடித்தது. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் மக்கள் வரிப்பணம் போனது. ஒரு சொல்லின் எல்லை தளர்ந்ததற்குக் கொடுத்த விலை இது.

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி குறைவு. 1996-இல் ராஜபாளையத்துப் பக்கத்து ராமர் பிள்ளை ‘மூலிகை பெட்ரோல்’ செய்வதாகச் சொன்னபோது, தமிழகமே திருவிழாக் கொண்டாடியது. இலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் என்றார்கள். தில்லியிலும் நம்மவர்கள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனை அதை மெய்ப்பிக்கவில்லை. பெட்ரோலியக் கரைப்பான்களைக் கலந்து விற்றதாக வழக்கு நடந்து, 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று ‘மூலிகை’ என்ற இனிய சொல்லே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. தண்ணீரிலும் நாலு இலையிலும் அத்தனை சக்தி எப்படி வரும் என்று கணக்குப் பார்க்கப் பலருக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலனிக்கே ஒருவர் வந்தார். பளபளப்பான காகிதத்தில் அச்சிட்ட விளம்பரம். ‘செயற்கை டீசல் விற்பனை நிலையம், முன்பணம் கட்டுங்கள், மாதாமாதம் வருமானம்’. தமிழர் வீடுகளுக்கென்றே தமிழிலும் அச்சடித்திருந்தார்கள்! ஓய்வூதியப் பணத்தை வங்கியில் வைத்திருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டின. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வந்தவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

“இது எதிலிருந்து ஆகிறது, தம்பி?”

“சார், இது செயற்கை டீசல் சார்.”

“சரி, எதிலிருந்து?”

“லேட்டஸ்ட் டெக்னாலஜி சார். ஃபாரின் ஃபார்முலா.”

“நிலக்கரியா, பிளாஸ்டிக் கழிவா, சமையல் எண்ணெயா?”

ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் குடும்பங்கள் பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டன.

தொல்காப்பியர் காட்டிய வழி

இந்தக் கேள்வியை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் பற்றி விதிகள் வருகின்றன. இயற்கைப் பொருளை இத்தன்மையது என்று சொன்னால் போதும். தீ சுடும் என்றால் முடிந்தது. செயற்கைப் பொருளை அப்படிச் சொல்லிவிட முடியாது. ‘ஆயிற்று’ என்ற ஆக்கச் சொல் வேண்டும். அந்த ஆக்கத்துக்கு முன் அதன் காரணமும் வரவேண்டும். அடுப்பில் வைத்ததனால் தண்ணீர் சூடாயிற்று என்பதுபோல.

எவ்வளவு ஆழமான விதி! தானாக இருப்பதற்கு விளக்கம் வேண்டாம். செய்யப்பட்டதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பேச்சு வழக்கில் காரணத்தைச் சொல்லாமல் விடுவதிலும் குற்றமில்லை என்று அவரே இடமும் கொடுக்கிறார். நாமும் அப்படியே கொள்ளலாம். பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு யாரும் இலக்கணம் பேச வேண்டியதில்லை. ஆனால் பாடநூல், விளம்பரம், அரசாணை, பத்திரிகைச் செய்தி ஆகிய நான்கிலும் செயற்கைப் பொருளுக்கு அதன் காரணம் முன்னால் வந்தே தீரவேண்டும் என்பது என் கட்சி.

இன்று ஏன் இந்தப் பேச்சு?

ஏனென்றால் இந்தச் சொல் மறுபடியும் செய்தித்தாளுக்கு வந்துவிட்டது. 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்க வேண்டும் என்பது நம் மத்திய அரசின் இலக்கு. அதற்கு ஊக்கம் தர 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எரிவாயுவும் உரமும் மெத்தனாலும் வெளிநாட்டிலிருந்து வாங்குவதைக் குறைக்கலாம் என்பது நியாயமான வாதம். சிக்கல்களும் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் பெருமளவில் சாம்பல் 30 விழுக்காட்டுக்கும் மேல். நிலக்கரியிலிருந்து யூரியா செய்த ஒடிசாவின் தால்ச்சர் ஆலையும் தெலங்கானாவின் ராமகுண்டம் ஆலையும் 1999-இல் மூடப்பட்டதை மறக்கக்கூடாது.

இன்னொரு பக்கம், கரியமில வாயுவையும், நீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்த ஹைட்ரஜனையும் சேர்த்துச் செய்கிற ‘இ-ஃப்யூயல்’ வருகிறது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் தென்கோடியில் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு அதைச் செய்யும் ஒரு முன்னோடி ஆலை 2022-இல் தொடங்கியது. இதிலும் கோக்கும் வேலை அதேதான். ஆனால் மின்சாரம் காற்றிலிருந்து வந்தால் அது சுத்தம். நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தால் ஊரை ஏமாற்றும் வேலை. அதோடு, எரிபொருளாக்கும்போதே மின்சாரத்தின் சக்தியில் ஏறக்குறைய பாதி வீணாகிவிடும். விமானத்துக்கு வேறு வழி குறைவு என்பதால் அங்கே அது பொருந்தும். வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானங்களின் எரிபொருளில் கச்சா எண்ணெயைச் சாராத பசுமை எரிபொருளை 2027-இல் 1 விழுக்காடும், 2028-இல் 2 விழுக்காடும், 2030-இல் 5 விழுக்காடும் கலக்க இந்தியா இலக்கு வைத்திருக்கிறது.

ஆக, நிலக்கரியிலிருந்து வந்ததும், காற்றாலையிலிருந்து வந்ததும், பிளாஸ்டிக் கழிவிலிருந்து வந்ததும் ஒரே பெயரில் நம்முன் நிற்கின்றன. ஒன்று கரியமில வாயுவை இரட்டிப்பாக்கும், இன்னொன்று பெரிதும் குறைக்கும். இரண்டுக்கும் ‘செயற்கை எரிபொருள்’ என்றே செய்தி எழுதினால் வாசகர் எதை ஆதரிப்பார், எதை எதிர்ப்பார்? இந்த நிலக்கரி வேலைகள் நடக்கும் தன்பாத், தால்ச்சர், சிங்ரௌலி பக்கங்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் வேலை நிமித்தம் வாழ்கின்றன. அந்தக் காற்று அவர்கள் பிள்ளைகளின் காற்று.

என் முடிவு

பொதுப் பெயராகத் ‘தொகுப்பு எரிபொருள்’ என்பதையே நான் தேர்கிறேன். ‘சேர்க்கை’ அழகான சொல். ஆயினும் எரிபொருளோடு வந்தால் எதையோ கலந்தது என்ற எண்ணம் தரும். கலப்பட பயம் மிகுந்த நம் நாட்டில் அது ஆகாது. ‘செயற்கை எரிபொருள்’ லெக்கோ முதல் எல்லாவற்றையும் அடக்கும் பெரிய குடை. அதை அந்தப் பரந்த பொருளிலேயே வைத்துக்கொள்வோம்.

பொதுப் பெயரோடு நின்றுவிடக்கூடாது. மூலப்பொருளை முன்னால் சேர்த்தே எழுத வேண்டும். நிலக்கரித் தொகுப்பு டீசல். மின்தொகுப்பு எரிபொருள். பிளாஸ்டிக் கழிவைச் சூடாக்கி எடுக்கும் எண்ணெய்க்குத் தொகுப்பு என்ற பட்டமே வேண்டாம். ‘பிளாஸ்டிக் சிதைவெண்ணெய்’ என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லியதாகும். ‘பெயர் நீளமாகிறதே’ என்று நண்பர் முகம் சுளித்தார். ‘கும்பகோணம் டிகிரி காபி’, ‘திருநெல்வேலி அல்வா’ என்று ஊரையும் சேர்த்துச் சொல்ல நமக்கு வாய் வலிக்கவில்லையே! எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே நம்பி வாயில் வைக்கிறோம்?

‘சிந்தடிக் ஃப்யூயல்’ என்று அப்படியே தமிழெழுத்தில் எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பேச்சில் எழுதுங்கள், எனக்கு வழக்கில்லை. பெட்ரோலையும் டீசலையும் நான் மொழிபெயர்க்கச் சொல்லவில்லையே. ஆனால் புரியாத சொல் மந்திரமாகிவிடும். காலனிக்கு வந்த தம்பிக்கு அந்த மந்திரம்தான் முதலீடு. வெளியூரில் வாழும் நாம் தமிழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது திருமணப் பத்திரிகை படிக்க மட்டும் அல்லவே. ஒரு விளம்பரத்தைப் படித்தால் அதில் என்ன மறைந்திருக்கிறது என்று கண்டுகொள்ளவும் அந்தத் தமிழ் உதவ வேண்டாமா?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ‘சிந்தடிக்’ என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தால் உடனே தமிழ்ச் சொல்லைக் கேட்டு மிரட்டாதீர்கள். எதிலிருந்து ஆனது, எப்படி ஆனது, ஆகும்போது என்ன கழிந்தது என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரிந்தால் சொல் தானாக வரும். சங்கங்களுக்கும் ஒரு சொல்: அடுத்த அறிவியல் கட்டுரைப் போட்டிக்குக் கலைச்சொற் பட்டியல் ஒன்றைத் தலைப்போடு சேர்த்தே பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இருக்கட்டும்.

இதைவிட நல்ல சொல் வாசக அன்பர்களிடம் இருந்தால் இந்தப் பக்கங்களிலேயே எழுதுங்கள். என் சொல் தோற்றாலும் கவலையில்லை. வெல்லும் சொல் எதிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் சொல்லுகிற சொல்லாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.